அபுதாபி ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல்: வயதானவர்களைக் கூட்டிப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அப்பா, அம்மா, பெரியம்மா மூவரும் மதுரையிலிருந்து வருகிறார்கள். நான் ஜெபல் அலியில் இருக்கிறேன். துபாயில் காட்ட வேண்டியதை ஒரு மாதிரி திட்டம் போட்டாயிற்று, அபுதாபிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே அம்மாவுக்கு ஒரே ஆசைதான், ஷேக் சாயித் பள்ளிவாசலை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நானே அதை ஹைவேயில் கார் ஓட்டும்போது தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

சந்தேகங்கள் நிறைய. அம்மாவும் பெரியம்மாவும் புடவை தவிர வேறு எதையும் உடுத்தியதில்லை. அப்பா வெளியே கிளம்பினால் வேட்டிதான். நாங்கள் இந்துக்கள், உள்ளே எதுவரை விடுவார்கள்? பெரியம்மாவுக்கு முட்டி வலி, கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார இடம் தேடுவார். பகலில் போவதா, விளக்கு போட்ட பிறகு போவதா? டிக்கெட் எவ்வளவு?

அபுதாபி அத்தை

தம்பி, டிக்கெட்டே கிடையாது, முழுக்க இலவசம். ஆனால் பள்ளிவாசலின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, வருகிற கியூஆர் குறியீட்டைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். எந்த மதத்தவரும் பெரிய தொழுகைக் கூடம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். அதில் சந்தேகமே வேண்டாம்.

உடை விஷயம். புடவை என்பதற்காக யாரும் தடுப்பதில்லை. தலை, கை, இடுப்பு, கணுக்கால் எல்லாம் மூடியிருக்கிறதா, துணி உள்ளே தெரியாமல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. நம் ரவிக்கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடுகிறதே, அங்கேதான் சிக்கல். முழுக்கை ரவிக்கையும் தலைக்குத் துப்பட்டாவும் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் வாசலில் நிற்பவருக்கு அது போதுமானதாகத் தெரிய வேண்டுமே. அதைவிடப் புடவைக்கு மேலேயே தளர்வான அபாயா (அரபுப் பெண்கள் போடுகிற நீள அங்கி) ஒன்றைப் போட்டுவிடுவது நிம்மதி. என் மாமியார் காஞ்சிப் பட்டுக்கு மேல் அபாயா போட்டுக்கொண்டு வந்தார், கீழே இரண்டு விரல் ஜரிகை மட்டும் எட்டிப் பார்த்தது. போட்டோவில் அதுதான் அழகு.

அபாயா அங்கேயே இரவல் கொடுப்பார்கள் என்று பழைய வலைப்பதிவுகளில் எழுதியிருப்பார்கள், அதை நம்பி வராதீர்கள். கையோடு கொண்டு வந்துவிடுங்கள். அப்பாவுக்குப் பேன்ட், முழங்கையாவது மூடுகிற சட்டை. வேட்டி கணுக்கால் வரை மூடுகிறது என்று வாதாடலாம்தான், ஆனால் ஊர் விட்டு ஊர் வந்து வாசலில் நின்று எதற்கு வாதாட வேண்டும்?

பெரியம்மாவுக்கு: கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே. அங்கிருந்து கடைவீதி மாதிரி ஒரு நிலத்தடி வளாகம், பிறகு நீளமான சுரங்க நடைபாதை. நடப்பதற்கு நகரும் தளம் போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள், வயதானவர்களுக்குப் பேட்டரி வண்டியும் உண்டு. முட்டி வலியை மறைத்துக்கொண்டு "நான் நடப்பேன்" என்று பெரியம்மா சொல்வார். நம்பாதீர்கள், நாற்காலியை வாங்கிவிடுங்கள்.

புதுக்கேமரா

நேரம் பற்றி நான் சொல்கிறேன். ஜனவரியில் சூரியன் 6 மணியையொட்டி மறையும். 4 மணிக்கெல்லாம் வாசலில் இருந்தால் வெயிலில் வெள்ளைப் பளிங்கு, அந்தியில் தங்க நிறம், இருட்டியதும் நீலம் என்று மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பிரச்சினை என்னவென்றால் இதே யோசனை எல்லோருக்கும் இருக்கிறது, அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம். அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் காலை 9 மணிக்குத் திறந்ததும் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். மதியத் தொழுகைக்காகப் பார்வையாளர்களுக்கு நடுவில் மூடிவிடுவார்கள்.

இன்னொன்று, தேதி முடிவு செய்யும் முன் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். ஏன் என்று கட்டடக்கலை தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

ஒற்றைப்பை

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

எனக்கு அந்த இடம் ஒட்டவே இல்லை. காபிக் கடை, நினைவுப்பொருள் கடை, எஸ்கலேட்டர், சுரங்கப்பாதை எல்லாம் தாண்டித்தான் வழிபாட்டு இடம் வருகிறது. மேலே வந்தால் இரு பக்கமும் தடுப்பு, நடுவில் பாதை, கூட்டத்தோடு நகர வேண்டியதுதான். போட்டோ எடுக்க இங்கே நில் என்று ஓர் இடம், அங்கே ஒரு வரிசை. உட்கார்ந்து பத்து நிமிடம் அண்ணாந்து பார்க்கலாம் என்றால் பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிறார்கள். அப்புறம் வழிகாட்டி வாயைத் திறந்தாலே சாதனைப் பட்டியல். உலகத்திலேயே பெரிய கம்பளம், உலகத்திலேயே பெரிய சரவிளக்கில் ஒன்று, இத்தனை டன், இத்தனை கோடி முடிச்சு.

டெல்லி ஜாமா மசூதியில் இதெல்லாம் கிடையாது. ஷாஜகான் 1656-இல் கட்டி முடித்தது. படிக்கட்டில் கபாப் புகை, முற்றத்தில் புறா, மூலையில் தூங்குகிறவர், ஹவுள் தொட்டியில் கால் கழுவுகிற பையன்கள். அங்கே போனால் ஒரு ஊரின் நடுவில் இருக்கிற மாதிரி இருக்கும். அபுதாபியில் ஒரு விமான நிலையத்துக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. வளைகுடாவிலேயே பார்க்க வேண்டுமென்றால் மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் பள்ளிவாசல் இதைவிட மேல் என்பேன்.

முசஃபா மணி

ஒற்றைப்பை அண்ணே, கட்டி 20 வருடம் ஆகாத இடத்தை 350 வருடம் ஓடின இடத்தோடு வைத்துப் பார்த்தால் எப்படி? புறா வருவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் :)

நான் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவன். கடைசிக் கட்ட வேலை நடந்துகொண்டிருந்த சமயம், நாங்கள் கேபிள் இழுக்கிற ஆட்கள். மொத்தம் 38 ஒப்பந்த நிறுவனங்கள், 3000-க்கு மேல் ஆட்கள் வேலை பார்த்த இடம் அது. 1996-இல் ஆரம்பித்து 2007 கடைசியில்தான் தொழுகைக்குத் திறந்தார்கள். நான் பார்த்தபோது வெளித் தூண்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. உள்ளே என்ன என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு தூணில் சுற்றியிருந்ததைப் பிரித்தார்கள். வெள்ளைப் பளிங்குக்குள் நீலமும் சிவப்புமாகக் கொடி ஏறுகிறது. பெயின்ட் என்றுதான் நினைத்தோம். எங்களோடு இருந்த ராஜஸ்தான்காரர் ஒருவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு "கல்லுப்பா, அத்தனையும் கல்லு" என்றார். பளிங்கைக் குடைந்து அந்த வடிவத்துக்கே இன்னொரு கல்லை அறுத்து உள்ளே பதித்திருக்கிறார்கள். விரல் நகத்தை வைத்து இழுத்தால் எங்கேயும் தட்டாது.

அண்ணன் விமான நிலையம் என்கிறார், சரி. நோன்பு மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் வந்து பாருங்கள். வெளியே வரிசையாகக் கூடாரம். எங்கள் கேம்ப் பையன்கள் வேலை முடிந்து அப்படியே பஸ் பிடித்துப் போவார்கள். பேரீச்சம்பழம், லபன் என்கிற மோர், சோறு, கறி. நீ எந்த ஊர், எந்த மதம் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரே மாலையில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பது அந்த இடத்தின் ஒரு வாசலைத்தான்.

கல்லும் கதையும்

மணி சொன்ன வேலைப்பாடு தாஜ்மகாலில் இருக்கிற அதே பச்சிக்காரி வேலைதான். இங்கே வெளிப்புற வளைவு நடைகளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள். லாபிஸ் லாசுலி, சிவப்பு அகேட், அமெதிஸ்ட், அபலோன் என்ற கடற்சிப்பி, முத்துச்சிப்பி எல்லாம் பதித்திருக்கிறார்கள். தூண் உச்சியைக் கவனியுங்கள், தங்க நிறத்தில் பேரீச்ச மரத்தின் தலை மாதிரி விரிந்திருக்கும். உள்ளே தொழுகைக் கூடத்தில் 96 தூண்கள், அவற்றில் முத்துச்சிப்பி. பெட்ரோலுக்கு முன்னால் இந்தக் கடற்கரையே முத்துக் குளித்துத்தான் பிழைத்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தூண்களைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

கட்டடக் கலைஞர் யூசுஃப் அப்தெல்கி, சிரியாக்காரர். பாணி என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது. குவிமாடங்கள் முகலாய, மொரோக்கோப் பக்கம் சாய்கின்றன. மினாராக்கள், அதாவது பாங்குக் கோபுரங்கள், எகிப்து மம்லூக், துருக்கி உதுமானியச் சாயல்களை அடுக்கி ஏறுகின்றன. பெரியதும் சிறியதுமாக 82 குவிமாடங்கள். நான்கு மூலையிலும் நான்கு மினாரா, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 350 அடி. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி என்பதை வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பாணியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கோத்தது என்பதைக் குறையாகவும் சொல்லலாம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். நேரில் பார்த்தபோது வெள்ளை நிறம் எல்லா வித்தியாசத்தையும் அடக்கிவிடுகிறது என்று தோன்றியது. அதே வடிவங்களை வண்ண ஓடு பதித்துக் கட்டியிருந்தால் கண்காட்சி அரங்காகியிருக்கும்.

முற்றத்தின் தரையில் பளிங்கு மொசைக், 17,000 சதுர மீட்டர். முழுக்கப் பூக்கள். வரைந்தவர் கெவின் டீன் என்ற ஆங்கிலேயக் கலைஞர். வெயிலில் கண் கூசும், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

புதுக்கேமரா விட்டுப்போன அமாவாசைக் கதை: வெளிச்சம் அமைத்தது ஸ்பியர்ஸ் அண்ட் மேஜர் என்ற பிரிட்டன் நிறுவனம். சுற்றிலும் தள்ளி நிற்கிற கோபுரங்களிலிருந்து பள்ளிவாசல் மேல் ஒளியை வீசுகிறார்கள். பௌர்ணமியன்று பளிச்சென்ற வெள்ளை. நிலா தேயத் தேய நீலம் கூடிக்கொண்டே போகும், அமாவாசையை ஒட்டி நல்ல கருநீலம். அந்த ஒளிக்குள்ளேயே மேகம் நகர்கிற மாதிரி ஒரு அசைவும் இருக்கும். அதனால் ஒரே மாதத்தில் இரண்டு பேர் எடுத்த போட்டோ ஒன்றாக இருக்காது.

வைகைக்கரை

அத்தை, நன்றி. அபாயா யோசனையை அம்மாவிடம் போனில் சொன்னேன். "கறுப்புதான் போடணுமா, அரக்கு கலர் இருக்கா பாரு" என்றார். பிரச்சினை தீர்ந்தது. அப்பா பேன்ட்டுக்கு ஒப்புக்கொள்ள இன்னும் இரண்டு போன் ஆகும்.

ஒற்றைப்பை அண்ணன் சொன்னதைப் படித்ததும் கொஞ்சம் யோசனையாகிவிட்டது. தடுப்புக்குள் நடந்து திரும்பி வருவதுதான் என்றால், என்னதான் பார்த்தோம் என்று ஆகிவிடாதா? உள்ளே நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நல்லது.

இழை மேற்பார்வை

எந்த மதத்தின் வழிபாட்டு இடம் உயர்ந்தது என்ற ரீதியில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். கேள்வி கேட்டவர் பயண யோசனை கேட்டிருக்கிறார், அதோடு நிற்கலாம்.

காயல் காக்கா

வைகைக்கரை தம்பிக்கு. நான் அங்கே தொழுகைக்கும் போயிருக்கிறேன், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளோடு பார்வையாளனாகவும் போயிருக்கிறேன். இரண்டுக்கும் வழி வேறு. தொழ வருகிறவர்களுக்குத் தனி வாசல், முன்பதிவு கிடையாது, கடைவீதியும் கிடையாது. ஒற்றைப்பை சொல்கிற சுரங்கப்பாதை பார்வையாளர்களுக்கு மட்டும்தான். அது அவருக்குப் பிடிக்கவில்லை, நியாயம். ஆனால் அந்தத் தடுப்பு இருப்பதால்தான் இத்தனை கூட்டம் வந்துபோகிற இடத்தில் ஒருவன் அமைதியாகக் கை கால் கழுவி ஒளு செய்து, நேரத்துக்குத் தொழுதுவிட்டுப் போக முடிகிறது. அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் இல்லையா?

உள்ளே எதைக் கவனிப்பது? எல்லோரும் நுழைந்ததும் சரவிளக்கைப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும், 12 டன் எடை, 10 மீட்டர் அகலம், ஜெர்மனியில் ஃபாஸ்டிக் என்ற நிறுவனம் செய்தது. ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். கம்பளத்தைப் பாருங்கள். 5,600 சதுர மீட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 1.4 ஏக்கர், ஒரே கம்பளம். ஈரானில் சுமார் 1200 பேர் கையால் முடிச்சுப் போட்டு, துண்டுகளாகக் கொண்டுவந்து இங்கே இணைத்தார்கள். வடிவமைத்தவர் அலி காலிகி. நின்றுகொண்டு பார்த்தால் பச்சை நிறத்தில் பூவும் கொடியும்தான் தெரியும். குனிந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பார்த்தால் நேர்நேராகக் கோடுகள் ஓடும். தொழுகைக்கு வரிசை நிற்க வேண்டுமே, அதற்காகக் கம்பளியை ஏற்ற இறக்கமாகக் கத்தரித்திருக்கிறார்கள். நிறத்தில் கோடு போட்டால் பூ வேலை கெட்டுவிடும் அல்லவா. நான் முதலில் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் நிற்கும்போது பாதத்துக்கு அடியில் ஒரு மேடு நெருடியது, அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பார்வையாளர் பாதையிலிருந்து முழுதாகத் தெரியாது, ஆனால் ஓரத்தில் குனிந்தால் ஓரளவு பிடிபடும்.

அடுத்தது எதிரே இருக்கிற கிப்லா சுவர், அதாவது மக்கா திசையில் இருக்கிற சுவர். 50 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். அல்லாஹ்வின் 99 திருப்பெயர்களை கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவில் ஒரு கொடியின் பூக்களுக்குள் வைத்திருக்கிறார்கள். எழுதியவர் முஹம்மது மந்தி என்ற எமிரேட்ஸ் கலைஞர். மற்ற இடமெல்லாம் அத்தனை பகட்டாக இருக்க, இந்தச் சுவர் மட்டும் அடங்கி இருக்கும். வெளிச்சம்கூட பின்னாலிருந்து மெல்லக் கசிகிற மாதிரிதான். தொழுகிறவன் கண் முன்னால் இருப்பது இந்தச் சுவர்தானே, அது அவன் கவனத்தை இழுக்கக் கூடாது. கட்டியவர்கள் எங்கே கையைக் கட்டிக்கொண்டார்கள் என்று பார்ப்பதும் ஒரு ரசனைதான்.

ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. நம் ஊரில் தொழ நிற்கும்போது மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே திரும்பி நிற்போம். அபுதாபியில் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே. மக்கா நமக்கு வடமேற்காக இருக்க, இவர்களுக்கு அது தென்மேற்காகிவிடுகிறது. கட்டடம் முழுவதும் அந்தக் கோணத்துக்கே திரும்பி நிற்கிறது.

தூண் வேலைப்பாட்டைப் பார்த்ததும் எனக்குக் கீழக்கரை ஜும்ஆ பள்ளி நினைவு வந்தது. அங்கே கருங்கல் தூண், நம் கோயில் மண்டபம் கட்டிய ஸ்தபதிகள் கைவண்ணம். யாளியும் யானையும் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும் மட்டும் இருக்கும். உருவம் கூடாது என்பது ஒன்றுதான் விதி, மற்றபடி அந்த மண்ணின் கைத்தொழில். அபுதாபியில் சொந்த மண்ணின் கல் இல்லை, அதனால் உலகம் முழுக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள். எது மேல் என்று கேட்டால் நான் கீழக்கரை என்பேன். ஊர்க்காரன் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாதை விஷயம் சில. தொழுதுகொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. அலமாரியில் இருக்கிற குர்ஆனை எடுத்துப் புரட்ட வேண்டாம். ஜோடியாகக் கட்டிப்பிடித்துப் போட்டோ கூடவே கூடாது, உடனே வந்து நிறுத்துவார்கள். வளாகத்தில் ஷேக் சாயித்தின் அடக்கத்தலம் இருக்கிறது. கட்டடம் முடிவதற்கு முன்பே, 2004 நவம்பரில் அவர் காலமாகிவிட்டார். அங்கே இரவும் பகலும் விடாமல் குர்ஆன் ஓதிக்கொண்டே இருப்பார்கள். போட்டோ எடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் வந்தால் பெரியம்மாவின் நாற்காலியை ஒரு நிமிடம் நிறுத்துங்கள், ஓதுகிற குரல் கேட்கும்.

ஒற்றைப்பை

காக்கா, கம்பளக் கோடு எனக்குத் தெரியாது. நான் பார்த்தது மேலே மட்டும்தான் போலிருக்கிறது. ஆனால் கடைவீதி பற்றி என் கருத்து மாறவில்லை. தொழ வருகிறவருக்குத் தனி வழி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க வருகிறவனை மட்டும் எதற்குக் கடைகளுக்குள் நுழைத்து அனுப்ப வேண்டும்?

முசஃபா மணி

அண்ணே, ஆகஸ்டில் வந்து பாருங்கள். 45 டிகிரி. அந்தச் சுரங்கமும் ஏசியும் இல்லையென்றால் கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வருவதற்குள் பாதிப் பேர் மயங்கி விழுந்திருப்பார்கள். திருப்பதியில் மட்டும் என்ன, லட்டும் பொம்மையும் விற்காமலா இருக்கிறார்கள்?

கல்லும் கதையும்

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெயிலுக்குச் சுரங்கம் அவசியம்தான், ஆனால் சுரங்கத்துக்கும் கடைகளுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு இருக்கிற குறை வேறு. முற்றம்தான் அந்தக் கட்டடத்தின் உயிர், பார்வையாளருக்கு அதன் ஓரம்தான் கிடைக்கிறது. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால்தான் 17,000 சதுர மீட்டர் என்பது உடம்புக்குத் தெரியும். பளிங்கைக் காப்பாற்ற வேண்டும், புரிகிறது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

வைகைக்கரை, இலவச வழிகாட்டி நடை ஒன்று உண்டு, அரபியிலும் ஆங்கிலத்திலும். அதில் சேர்ந்துகொள்ளுங்கள், வழிகாட்டி நிற்கிற இடத்தில் நீங்களும் நிற்கலாம், பின்னால் யாரும் தள்ள மாட்டார்கள். ஒற்றைப்பை புகாருக்குப் பாதி மருந்து அதுதான். நீங்கள் கேட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வாருங்கள்.

புதுக்கேமரா

உள்ளே உட்கார முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. பள்ளிவாசலுக்கு எதிர்ப்புறம், சாலைக்கு அந்தப் பக்கம் வாஹத் அல் கராமா என்று போர்வீரர்களுக்கான நினைவிடம், 2016-இல் திறந்தது. பெரிய உலோகப் பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவில் மெல்லிய தண்ணீர்ப் பரப்பு, அதில் பள்ளிவாசல் முழுதாகத் தலைகீழாகத் தெரியும். கூட்டம் குறைவு. பெரியம்மாவை உட்காரவைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். நினைவிடம் என்பதால் சத்தம் போட்டுப் பேசாமல் இருந்தால் சரி. குறுக்கே நடந்து போக முடியாது, கார் எடுத்துச் சுற்றித்தான் வர வேண்டும்.

வைகைக்கரை

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. காக்கா பதிவை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் ரிட்டயர்டு சர்வேயர். மேற்கு, தெற்கு கணக்கைப் பார்த்துவிட்டு "போன்ல திசைகாட்டி இருக்குமா, நானே பார்க்கறேன்" என்கிறார். பேன்ட் பிரச்சினையும் அதோடு முடிந்த மாதிரி தெரிகிறது.

கடைசியாக ஒன்று. அதே நாளில் அபுதாபி சுவாமிநாராயண் கோயிலும் சேர்க்கலாமா? பெரியம்மா கேட்கிறார்.

அபுதாபி அத்தை

சேர்க்கலாம். கோயில் அபு முரைகா பக்கம், துபாயிலிருந்து வருகிற வழியிலேயே விழும், நகரத்துக்குள் போக வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் திறந்தது. அங்கேயும் முன்பதிவு, அங்கேயும் உடைக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் புடவைக்கும் வேட்டிக்கும் கேள்வியே இல்லை. காலையில் கோயில், மதியம் எங்காவது சோறு, 4 மணிக்குப் பள்ளிவாசல். அப்பா காலையில் வேட்டி கட்டட்டும், மதியம் பேன்ட் மாற்றிக்கொள்ளட்டும், சண்டையே இல்லை. அபாயாக்களை காரில் வைக்க மறக்காதீர்கள்.

சோறு விஷயத்தில் ஒன்று: பள்ளிவாசல் வளாகத்துக் கடைகளில் காபி, பர்கர் வகைதான் அதிகம். வயதானவர்களுக்கு ரசம் சாதம் வேண்டுமென்றால் நகரத்துக்குள் நம் உணவகங்களுக்குப் போய்விட்டு வாருங்கள். போகவர ஒன்றரை மணி நேரம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓட்டுநர்

கார் இல்லாதவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால்: துபாய் இப்னு பதூதா பேருந்து நிலையத்திலிருந்து இ101 பஸ், நோல் என்கிற பயண அட்டையில் பணம் இருக்க வேண்டும். அபுதாபி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி டாக்ஸி. வரும் வழியிலேயே பள்ளிவாசல் தெரியும், ஆனால் பஸ் அங்கே நிற்காது. டிரைவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

காயல் காக்கா

ஒற்றைப்பை, மஸ்கட் பற்றிச் சொன்னீர்களே, அதையும் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். என் மருமகன் ஒமானில் சோஹாரில் இருக்கிறார், பிப்ரவரியில் போகலாமா என்று யோசனை.

ஒற்றைப்பை

எழுதுகிறேன் காக்கா. சுல்தான் காபூஸ் பள்ளிவாசல் 2001-இல் திறந்தது. இந்தியாவிலிருந்து போன மணற்கல்லில் கட்டியது, அதனால் வெள்ளைக்குப் பதில் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. நான்கு மினாரா மூலைகளில், ஐந்தாவதும் பெரியதும் தனியாக, சுமார் 90 மீட்டர். உள்ளே அங்கேயும் ஈரானியக் கம்பளம்தான், 4,000 சதுர மீட்டருக்கு மேல். அபுதாபி வருவதற்கு முன்னால் அதுதான் உலகச் சாதனை. பார்வையாளர்கள் நடக்க அதன் மேல் நீல விரிப்பு போட்டிருப்பார்கள். எனக்குப் பிடித்தது உள்ளே இருப்பதைவிட வெளியே இருக்கிற வளைவு நடைகள்தான். நீளமாக ஓடும், நிழல், ஆள் நடமாட்டம் குறைவு. சுவரில் மாடம் மாடமாக ஒவ்வொரு இஸ்லாமிய நாட்டின் வண்ண ஓடு வேலைப்பாடும் இருக்கும். பக்கத்தில் தகவல் மையம் ஒன்று உண்டு, உட்காரவைத்து ஒமானி காபியும் பேரீச்சையும் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். ஒரு பெரியவரிடம் நான் கேட்டது மார்க்கத்தைப் பற்றி இல்லை, பேரீச்சம்பழ வகைகளைப் பற்றி. அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசினார்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை 8 முதல் 11 வரைதான், வெள்ளிக்கிழமை கிடையாது. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, தொழுகை நேரத்திலேயே போகலாம். கம்பளத்தில் கோடு இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்து இங்கே எழுதுங்கள்.